நீராவியிழப்பை மதிப்பிடும் முறைகளும் நம் நிலப்போர்வையும்

வானிலிருந்து மண்ணுக்கு வரும் நீரை அளத்தல் எளிது. ஒரு மழைமானியும், நாள்தோறும் காலையில் அதனைத் தவறாது நோக்கும் ஒருவரும் இருப்பின் அது போதும். மண்ணிலிருந்து வானுக்கு மீளும் நீரை அளத்தலோ அத்துணை எளிதன்று. அது கண்ணுக்குப் புலனாகாது செல்வது. குளத்தின் மேற்பரப்பிலிருந்தும், ஈரமண்ணிலிருந்தும், இலைகளின் நுண்ணிய வாய்களிலிருந்தும் ஒரே வேளையில் எழுவது. நீர்ப்பரப்பும் மண்ணும் இழப்பதை ஆவியாதல் என்றும், செடிகொடிகள் இலைவாய் வழியே இழப்பதை ஆவியுயிர்ப்பு என்றும் நம் பாடநூல்கள் வேறுபடுத்திக் கூறும். இவ்விரண்டன் கூட்டினை நீராவியிழப்பு என இக்கட்டுரையில் வழங்குவோம்.

நேரே அளத்தற்கு அரிதாகிய இதனைக் கணித முறைகளால் மதிப்பிட அறிஞர் முற்பட்டனர். அம்முறைகள் இன்று பல. அவை அனைத்தையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணாக்கர் நம்மிடையே உளர். அவற்றைக் கணிப்பொறியிலிட்டு நொடிப்பொழுதில் எண்களைப் பெறும் பொறியியலாளரும் உளர். ஆயின், எந்த நிலத்திற்காக எம்முறை வகுக்கப்பட்டது, அதனை வேறொரு நிலத்திற்கு ஏற்றும்போது எத்துணைப் பிழை நேரும் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், எம்முறையும் மீற இயலாத ஓர் எல்லையைக் குறிப்பிடல் வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.45 மெகாயூல் வெப்பம் தேவை. ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் 1 மில்லிமீற்றர் நீர் என்பது 1 லீற்றர். அதாவது 1 கிலோகிராம். ஆகவே, நிலமானது நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 12 மெகாயூல் நிகரக் கதிர்வீசலைப் பெறுமாயின், அது முழுவதும் ஆவியாக்கத்திற்கே செலவாயினும், ஏறக்குறைய 4.9 மில்லிமீற்றர் நீரே வானுக்கு மீளும். அயலிலுள்ள வரண்ட நிலத்திலிருந்து வெப்பக்காற்று வந்து கூடுதற் சத்தியை ஈந்தாலன்றி இவ்வெல்லையைக் கடத்தல் இயலாது. சத்தி ஒன்று, நீராவியை ஏற்றுச் செல்லும் காற்றின் வேகமும் வறட்சியும் மற்றொன்று, மண்ணில் நீர் இருத்தலும், இருக்கும் நீரை இலை வெளிவிட இசைதலும் மூன்றாவது. ஒரு முறையைத் திறனாயப் புகுவோர், இம்மூன்றில் எவற்றை அது கருதுகின்றது, எவற்றைக் கருதாது விடுகின்றது எனக் கேட்டல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு இத்துறையில் இரு பெருங் கட்டுரைகளைத் தந்தது. ஒன்று அமெரிக்கராகிய தோன்துவெயிற் காலநிலைப் பாகுபாடு பற்றி எழுதியது. மற்றொன்று இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த பென்மன், திறந்த நீர்ப்பரப்பு, வெறுமண், புல் ஆகியவற்றின் ஆவியாக்கம் பற்றி எழுதியது. ஒரே ஆண்டிற் பிறந்தனவாயினும் இரண்டும் குணத்தால் வேறானவை.

தோன்துவெயிற் முறைக்கு வேண்டுவன மாதச் சராசரி வெப்பநிலையும் பகற்பொழுதின் நீளமுமேயாம். இவ்வெளிமையே அதன் புகழுக்குக் காரணம். இந்தியாவில் வால்ற்றெயரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தார் அதனைக் கொண்டு நீர்ச்சமநிலை ஆய்வுகள் பல செய்தனர். நம் நாட்டிலும் புவியியல் மாணாக்கர் பல தலைமுறையாக அதனைப் பயின்று வந்துள்ளனர். கோடையும் மாரியும் வெப்பநிலையாற் பெரிதும் வேறுபடும் அமெரிக்க நிலத்தில், வெப்பநிலை என்பது ஞாயிற்றின் கதிர்வீசலுக்கு ஓரளவு பதிலாள் ஆகலாம். இலங்கையில் அஃது ஆகாது. கொழும்பின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய இரண்டு பாகைக்குள் அடங்குவது. பெப்புருவரியைவிட மே மாதம் சற்று வெப்பமானது. ஆகவே தோன்துவெயிற் கணக்கின்படி மே மாதத்து இழப்பே மிகுதல் வேண்டும். ஆனால், மே மாதமோ தென்மேல் பருவக்காற்று எழும் காலம். முகில் மூடி, நீண்ட காலச் சராசரியில் 390 மில்லிமீற்றர் அளவு மழை பொழியும் மாதம். பெப்புருவரி வெயில் மிக்க மாதம். கதிர்வீசலைக் கருதும் எந்த முறையும் இவ்விரு மாதங்களின் வரிசையை மாற்றிக் கூறும். மேலும், சராசரி வெப்பநிலை 26.5 பாகை செல்சியசுக்கு மேற்படும் மாதங்களுக்குத் தோன்துவெயிற் தம் சமன்பாட்டைக் கைவிட்டு ஒரு தனி அட்டவணையையே தந்தார். கொழும்பின் மாதங்கள் யாவும் ஏறக்குறைய அவ்வெல்லையிலோ அதற்கு மேலோ உள்ளன. எனவே சமன்பாட்டின் பெயரால் நாம் கையாள்வது பெரும்பாலும் அவ்வட்டவணையையே என்பதை மறத்தலாகாது. நிலப்போர்வை பற்றியோவெனில் இம்முறைக்கு ஒரு சொல்லும் இல்லை. அதன் கண்ணுக்குக் குளமும் காடும் தார்வீதியும் ஒன்றே.

பென்மன் முறை இதனினும் பன்மடங்கு உயர்ந்தது. கதிர்வீசலாகிய சத்தியையும், காற்றின் ஏற்றுச்செல்லும் ஆற்றலையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தமையே அவர்தம் பெருஞ்சாதனை. யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றின் வேகம் இங்கு இடம்பெறும். கொழும்பின் முகில் மூட்டமும் இடம்பெறும். ஆயினும், நிலத்தை முழுதும் மூடி நிற்பதும், ஒருபோதும் நீருக்குக் குறைவில்லாததுமான குறும்பச்சைப் பயிரையே அவர் இலக்காகக் கொண்டார். திறந்த நீர்ப்பரப்பின் அளவைக் கணித்து, அதனை மாரிக்கு 0.6, கோடைக்கு 0.8, இடைக்காலங்களுக்கு 0.7 எனப் பெருக்கிப் புல்லின் இழப்பைப் பெற்றார். இவை தென்கிழக்கு இங்கிலாந்தின் பருவங்களுக்கு உரியவை. மாரி என்பதே மழைக்காலமாகிய நமக்கு அவ்வெண்களை அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

பச்சைப் போர்வை எதுவாயினும், நீருக்குக் குறைவில்லாதவிடத்து இழப்பு ஏறக்குறைய ஒன்றே என்னும் கருத்து அக்காலத்தில் வலிமை பெற்றிருந்தது. அதனை அசைத்தவர் வடஇங்கிலாந்தின் நீர்வழங்கல் பொறியியலாளராகிய பிறாங் லோ. ஸ்ரொக்ஸ் நீர்த்தேக்கத்தின் அயலில் ஊசியிலை மரத்தோப்பு ஒன்றில் அளவீடு செய்து, புல்நிலத்தைவிட மரத்தோப்பு மிகுந்த நீரை வானுக்கு மீட்கின்றது என 1956இல் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் வேல்ஸ் நாட்டின் பிளின்லிமன் மலையில், ஒன்று புல்லும் மற்றொன்று பெரிதும் காடுமாகிய இரு அயல் வடிநிலங்களை ஒப்பிட்டு நடந்த நீண்ட ஆய்வு அவர் கூற்றுக்கு அரணாயிற்று. காரணம் தெளிவு. உயர்ந்த மரங்கள் காற்றோட்டத்தைக் கலக்கிவிடுகின்றன. ஆதலின் இலைமேல் தங்கிய மழைநீர் புல்லின்மேல் தங்கியதைவிட விரைந்து ஆவியாகின்றது. அடிக்கடி தூறும் ஈரநாட்டில் இவ்விழப்பு சிறிதன்று. நம் ஈர வலயத்து மலைக்காடுகளையும் இறப்பர்த் தோட்டங்களையும் பற்றிச் சிந்திப்போர்க்கு இச்செய்தி இன்றியமையாதது.

இக்குறையைக் கொள்கையளவில் தீர்த்தவர் மொன்தீத். 1965இல் அவர் பென்மன் சமன்பாட்டில் இரு தடைகளைப் புகுத்தினார்: இலைவாயும் மண்ணும் நீராவிக்கு விதிக்கும் மேற்பரப்புத் தடை ஒன்று; மேற்பரப்பிலிருந்து மேலுள்ள காற்றுவரை நீராவி கடக்க வேண்டிய வளித் தடை மற்றொன்று. காட்டுக்கு வளித்தடை குறைவு; வாடிய பயிருக்கு மேற்பரப்புத் தடை மிகுதி. இவ்வாறு நிலப்போர்வைகள் முதன்முறையாகச் சமன்பாட்டினுள்ளே தம்முள் வேறுபட்டு நின்றன. ஆனால், தடைகளின் அளவை ஒவ்வொரு நிலத்திற்கும் யார் அளந்து தருவது? இவ்விடத்தில்தான் நடைமுறை கொள்கையினின்றும் பின்வாங்கியது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்ட 56ஆம் இலக்க நூல், 12 சதமமீற்றர் உயரமும், மீற்றருக்குச் செக்கன் வீத அலகில் 70 என்னும் மேற்பரப்புத் தடையும், 0.23 என்னும் தெறிப்பு விகிதமும் உடைய ஒரு கற்பனைப் புல்லை நியமமாக வகுத்தது. அப்புல்லின் இழப்பைக் கணித்து, பயிருக்குரிய ஓர் எண்ணாற் பெருக்கினால் பயிரின் தேவை வரும். நெல்லுக்குத் தொடக்கத்தில் 1.05, வளர்ச்சியின் நடுவில் 1.20, இறப்பருக்கு ஏறக்குறைய 1.00.

இம்முறையைப் பழித்தல் எம் கருத்தன்று. நெல்லுக்கும் வெங்காயத்திற்கும் எப்பொழுது எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. உலகெங்கும் பயன் தந்துள்ளது. ஆயின், பயிர்த்தேவையை அறிய வகுத்ததொன்றை ஒரு மாவட்டத்தின் முழு நீர்க்கணக்குக்கும் பயன்படுத்தும்போது மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது, அட்டவணையில் இல்லாத நிலப்போர்வை. பேரீச்சைக்கு எண் உண்டு. பொதுவாகப் பனையினத்திற்கும் உண்டு. நம் யாழ்ப்பாணத்துப் பனைக்கெனத் தனியெண் இல்லை. ஐதான முடியும், ஆழச் செல்லும் வேரும், இடையிடையே வெயில் நேரே விழும் மணலும் உடைய பனங்கூடலைத் தழைத்து நிறைந்த தோப்புக்குரிய எண்ணால் அளத்தல் எங்ஙனம் பொருந்தும்? மண்ணையும் இலையையும் இரு வேறு படைகளாகக் கொண்டு, 1985இல் ஷற்றில்வேத், வலஸ் என்போர் வகுத்த முறையே இத்தகைய ஐதான போர்வைக்குக் கொள்கையளவில் ஏற்றது. அதற்கு வேண்டிய அளவீடுகள் பல என்பதே அதன் சுமை.

இரண்டாவது, நீர்க்குறைவு. நியமப் புல் என்றும் நீர் நிறைந்தது. ஆடி, ஆவணியில் வலிகாமத்துத் தரவை நிலமோ வெந்து கிடப்பது. அங்கு வானம் எவ்வளவு கேட்கின்றது என்பதன்று கணக்கு. மண் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதே கணக்கு. அந்நிலத்தின் நடுவே இறைப்பு நடைபெறும் ஒரு வெங்காயத் தறை இருப்பின் நிலை தலைகீழாகும். அயலிலுள்ள வரண்ட நிலத்து வெப்பக்காற்று அத்தறையின்மேல் வீசி, கதிர்வீசல் ஒன்றே தரக்கூடியதினும் மிகுதியான நீரை ஆவியாக்கும். காற்றைக் கருதாது கதிர்வீசலை 1.26 என்னும் எண்ணாற் பெருக்கும் பிறீஸ்ற்லி, ரெயிலர் முறை (1972) பரந்த ஈரநிலத்திற்கு நன்று. சோளகம் வீசும் சிறு தோட்டத்திற்கு அது குறைத்தே கூறும்.

மூன்றாவது, கலப்பு. நம் நாட்டில் நிலப்போர்வைகள் அட்டவணையிற்போல் தனித்தனியே கிடப்பதில்லை. வயலின் ஓரத்தில் தென்னை, அதனருகே பலாவும் முருங்கையும் நிறைந்த வீட்டுவளவு, அப்பாற் குளக்கட்டு என அவை பின்னிக் கிடக்கின்றன. கிரிந்தி ஓயாப் பாசனப் பரப்பை ஆராய்ந்து றெனோ, ஹேமகுமார, மோல்டன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரை, வயலுக்கென விடப்பட்ட நீரிற் கணிசமான பங்கை அயலிலுள்ள மரங்கள் பருகுகின்றன என்பதை எடுத்துக் காட்டியது. பழைய கணக்கில் அது வீணான நீர். மக்களின் வாழ்விலோ தேங்காயும் பழமும் நிழலும் விறகும் ஆகும். எந்த நிலப்போர்வையைக் கணக்கில் எடுக்கின்றோம் என்பது எதனைப் பயன் என மதிக்கின்றோம் என்பதனோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவ்விடர்ப்பாடுகளைத் தாண்டிச் செல்வதாக வந்ததே செய்மதி வழி. ஒல்லாந்தராகிய பஸ்தியான்சன் வகுத்த செபல் என்னும் முறை, நிலத்தின் மேற்பரப்பு வெப்பநிலையை வானிலிருந்து நோக்கி, நிகரக் கதிர்வீசலிலிருந்து மண் பெற்ற வெப்பத்தையும் காற்று பெற்ற வெப்பத்தையும் கழித்து, மிச்சத்தை நீராவியிழப்பு என்கின்றது. பயிரின் பெயரையோ அதற்குரிய எண்ணையோ கேளாமையே இதன் சிறப்பு. வாடிய நிலம் சூடாகத் தோன்றும். நீருள்ள நிலம் குளிர்ந்து தோன்றும். பத்தரமுல்லையிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் சார்பில் நடந்த ஆய்வுகளில் இம்முறை இலங்கை முழுவதற்கும் ஏற்றப்பட்டது. பஸ்தியான்சனும் சந்திரபாலவும் அதனை 2003இல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே வெளியான மற்றொரு கட்டுரையில், ஹொறணையின் கலப்புத் தாவரப் பரப்பின்மேல் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அதன் துடிப்பிலிருந்து காற்றேறும் வெப்பத்தை அளந்து பெற்ற முடிவுகள் கூறப்பட்டன. இவ்வளவீட்டோடு செய்மதிக் கணக்கை ஒப்பிட்டபோது, பத்து நாட் கணக்கில் வேறுபாடு பெரிதாகவும், மாதக் கணக்கில் மிகச் சிறிதாகவும் காணப்பட்டது.

இம்முடிவு பாராட்டுக்குரியது, ஈர வலயத்துக் கலப்புநிலம் ஒன்றில் மதிப்பீட்டை அளவீட்டோடு மோதவிட்ட துணிவு அதனினும் பாராட்டுக்குரியது. எனினும் திறனாய்வாளன் இங்கு இரண்டு கூறல் வேண்டும். ஒளிக்கற்றைக் கருவி நேரே அளப்பது காற்றேறும் வெப்பத்தையே. நீராவியிழப்பு அங்கும் கழித்தற் கணக்கின் மிச்சமே. இரு முறைகளும் மிச்சத்தையே கூறுமிடத்து, நிகரக் கதிர்வீசலில் நேரும் பிழை இரண்டையும் ஒருங்கே ஒரே திசையிற் சாய்க்கும். அவை தம்முள் ஒத்துப் போதல் உண்மையோடு ஒத்துப் போதற்கு முழுச் சான்றாகாது. அடுத்தது, படத்தின் நுண்மை. நாடளாவிய கணக்குகளுக்குப் பயன்பட்டு வந்த வானிலைச் செய்மதிப் படங்களின் ஒரு புள்ளி ஏறக்குறைய 1.1 கிலோமீற்றர் சதுரம். அதாவது 121 ஹெக்டயர், ஏறக்குறைய 4,800 பரப்பு. யாழ்ப்பாணத்தில் அத்துணை நிலத்தினுள் ஒரு சிற்றூரே அடங்கும்: வீடு, கோவில், புகையிலைத் தோட்டம், பனங்கூடல், வயல், தரவை எல்லாம். அவற்றின் சராசரி வெப்பநிலை அவற்றுள் எதனுடையதும் அன்று. முகிலற்ற நாளிலேயே நிலத்தைக் காண இயலும் என்னும் குறையையும் இதனோடு சேர்த்தெண்ணுக. நிலத்துக்கு நீர் சேரும் கார்த்திகை மாதமே வானம் மூடிக் கிடக்கும் மாதம்.

இவ்வாராய்ச்சியெல்லாம் அறிஞர்தம் வாதம், நமக்கென்ன என்று கேட்பார்க்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் எனக் கொள்க. 100 மில்லிமீற்றர் கடலுக்கு ஓடியது என உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒரு முறை நீராவியிழப்பு 950 என்கின்றது. மற்றொரு முறை 1,050 என்கின்றது. இரண்டினிடையே வேறுபாடு பத்தில் ஒரு பங்களவே. ஆய்வுக் கட்டுரையில் இவ்வளவு நெருக்கம் வெற்றியாகவே கொண்டாடப்படும். ஆனால், சுண்ணக்கல்லினுள் இறங்கிக் கிணற்றுக்குச் சேரும் நீர் முதற் கணக்கில் 200, இரண்டாவதில் 100. பத்து வீதப் பிழை கிணற்றடியில் இரு மடங்காகி நிற்கின்றது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நிலக்கீழ் நீரே குடிநீரும் தோட்ட நீருமாம். முதல் எண்ணை நம்பி இறைத்து இரண்டாவதே உண்மையாயின், இனிப்பு நீரின் அடியிற் காத்திருக்கும் உவர் மேலெழும்.

காலவலகும் இவ்வாறே. ஆண்டுக் கூட்டுத்தொகையாக நோக்கின், நீர் நிறைந்த நிலம் இழக்கக்கூடியது யாழ்ப்பாணத்தில் மழையைவிடப் பெரிது. அக்கணக்கின்படி ஒரு துளியும் நிலத்துள் இறங்குதல் கூடாது. ஆயினும் தை மாதத்தில் கிணறுகள் நிறைந்திருக்கின்றன. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை செறிந்து பெய்தலும், அப்பொழுது வெயில் குறைந்து இழப்பும் குறைதலுமே காரணம். ஆண்டுக்கணக்கு கிணற்றைப் பொய்யாக்கும். நாட்கணக்கே அதனை மெய்ப்பிக்கும்.

பெருந்திட்டங்களும் இக்கணக்கிலேயே தொங்குகின்றன. பொறியியலாளர் ஆறுமுகம் முன்மொழிந்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சி நோக்கிச் செலுத்தக் கருதியது. அதன்மேல் எழும் தலையாய வினா, ஆழமற்ற அகன்ற நீர்ப்பரப்பின் ஆவியாக்கமே. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என வைத்தாலும், மழையற்ற ஆறு மாதத்தில் 90 சதமமீற்றர் நீர் வானுக்குச் செல்லும். ஏரியின் ஆழம் ஒரு மீற்றராயின் எஞ்சுவது யாது? இதற்கு ஏற்றது பென்மனின் திறந்த நீர்ப்பரப்புச் சமன்பாடே. நியமப் புல் இங்கு உதவாது. அவ்வாறே, இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சியைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர்; பின்னர் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் தொடங்கி வைக்கப்பட்டது. குளத்தில் மிகைநீர் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் தத்தம் எண்களை நீட்டினர். குளத்தின் ஆவியாக்கமும் சிறுபோக நெல்லின் இழப்பும் எம்முறையால், எந்தப் பிழையெல்லையோடு பெறப்பட்டன என்பது இரு சாராரும் காண மன்றில் வைக்கப்படின், வழக்குத் தீராவிடினும் வழக்கின் பொருளாவது தெளிவாகும். நீரைப் பற்றிய பூசலில் எண் ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாது ஏற்றல் முறையாகாது என்பதனைப் புதுக்கடை நீதிமன்றங்களின் அயலில் வாழும் நாம் அறிவோம்.

நகரவாசிகளுக்கும் இதிற் பங்குண்டு. புதுக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நிலப்போர்வை என்பது தகரமும் ஓடும் தாரும் சீமெந்துமே. மழை நின்ற சிறு பொழுதில் அவை உலர்ந்துவிடும். அதன்பின் ஞாயிற்றின் சத்தி நீரை ஆவியாக்காது காற்றையும் சுவரையுமே சுடவைக்கும். கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலத்திலோ அச்சத்தியின் பெரும்பகுதி நீராவியிழப்பிற் கழிகின்றது. கொழும்பு 2018இல் ராம்சர் ஈரநில நகரமாக ஏற்பிசைவு பெற்றது. அச்சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைத் தாங்குவதோடு வெம்மையையும் தணிக்கின்றன என்னும் வாதம், அவற்றின் நீராவியிழப்பு அளந்து காட்டப்படும்போதே நிரப்ப விழைவோர்முன் வலிமை பெறும்.

இனி முடிபாகச் சில கூறுவோம். எல்லா நிலத்துக்கும் ஏற்ற ஒரே முறை இல்லை. குளத்துக்குப் பென்மன், நீர்பாய்ச்சும் வயலுக்கும் தோட்டத்துக்கும் நியமப் புல்லும் பயிரெண்ணும், சோளகத்துக்குரிய திருத்தத்தோடு, காட்டுக்கும் இறப்பருக்கும் மொன்தீத்தின் தடைகளோடு இலைமேல் தங்கும் மழைக்குத் தனிக்கணக்கு, பனங்கூடலுக்கு இருபடை முறை, கலப்புநிலத்துக்கு நுண்மையான செய்மதிப் படம், நிலத்தில் நிற்கும் கருவியின் கண்காணிப்போடு. தரவுகள் இல்லையே, ஆகவே எளிய முறையே போதும் என்பார் கூற்று ஓரளவு நேர்மையானது. வெப்பநிலை மாத்திரமே கிடைக்கும் ஊரில், வெப்பநிலையின் நாள் வீச்சையும் கருதும் ஹார்கிறீவ்ஸ் முறை (1985) தோன்துவெயிற்றினும் நன்று. ஆனால் தரவின்மை, பிழையின் அளவை மறைத்தற்கு உரிமை தாராது. ஒற்றை எண்ணைத் தருவோர் அதன் இருபுறத்து எல்லையையும் தருதல் கடன்.

மாணாக்கர்க்கும் இங்கு பணி உண்டு. பாடசாலை வளவில் ஓர் ஆவியாதல் தட்டமும், ஒரு மழைமானியும், ஊர்க்கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் குறிக்கும் ஒரு கொப்பியும் இருப்பின், பத்தாண்டில் அவ்வூர் எந்தச் சமன்பாட்டையும் வினவும் தகுதியைப் பெற்றுவிடும். பிறநாட்டார் புல்லுக்கென வகுத்ததை நம் பனைக்கும் வயலுக்கும் உரைத்துப் பார்க்கும் கல் அத்தகைய பதிவுகளேயாம். அதனைப் பிறர் செய்து தருவர் என்று காத்திருத்தல் வேண்டா.